தேங்காயெண்ணெயில் ஓடிய பீரங்கி வண்டி

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரர் பால் அளக்கும்போது நான் பாலைப் பார்க்கமாட்டேன். அவருடைய கட்டைவிரல் அளவுக் குவளைக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். யுத்தத்தின்போது பட்டாளத்து வண்டிப் பட்டறையில் இருந்த வருஷங்கள் இந்தக் குணத்தை நன்றாகத் தீட்டிவிட்டன. ஒருவன் முடுக்கிய நட்டை அடுத்தவன் நம்பக்கூடாது, தானும் ஒருமுறை முடுக்கிப் பார்க்கவேண்டும் என்பது அங்கே சட்டம். ஊர் திரும்பி, குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரைவராகச் சேர்ந்தேன். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரர் அங்கே எனக்கு முதலாளியாக வாய்த்தார்.

அவர் நாகர்கோவில்காரர். தோட்டத்துப் பங்களாவில் மனைவியோடு குடியிருந்தார். எல்லாச் சாவிகளும் அவருடைய அரைஞாணில்தான் தொங்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்று சொல்வார்கள். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நடப்பார். கொஞ்சதூரம் போனதும் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். அந்த இடைவெளியில் பூட்டு மனம் மாறியிருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் அந்தக் குணம் நன்றாகப் புரியும்.

மூன்றாவது சந்தேகக்காரர் கணக்கப்பிள்ளை. தோட்டத்தில் யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை, எந்த மரம் எவ்வளவு பால் கொடுத்தது என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருக்கும். லாரி வருவதற்கு முன்னால் மேல்தோட்டத்திலிருந்து ரப்பர் ஷீட்டை இறக்கிக்கொண்டிருந்தது அவருடைய மைத்துனரின் மாட்டுவண்டி. லாரி வந்த அன்றே மாட்டுவண்டிக்கு வேலை போயிற்று. அதனால் அவர் என்னிடம் சிரித்துப் பேசும்போதெல்லாம் எனக்கு மூக்கில் வேர்க்கும்.

பீரங்கி இழுப்பதற்காக வெள்ளைக்காரன் கொண்டுவந்த டீசல் வண்டி அது. யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்டபோது முதலாளி பிடித்துக்கொண்டார். நாலு சக்கரமும் இழுக்கும். மேல்தோட்டத்துக்கு ரோடு என்று ஒன்று கிடையாது. பாறையும் சேறும் நடுவில் இரண்டு ஓடையுமாக ஒரு தடம், அவ்வளவுதான். வண்டி அதில் உறுமிக்கொண்டு ஏறும்போது பார்ப்பவர்கள் வழிவிட்டு மரத்தோடு ஒட்டி நிற்பார்கள். மேலே போகும்போது மேல் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கிற ஆட்களுக்கு அரிசி. கீழே வரும்போது ஷீட். மழைக்காலத்தில் இந்த வண்டி போகாவிட்டால் மேலே இருக்கிறவர்கள் மரச்சீனிக் கிழங்கைத் தின்றுகொண்டு எங்களைத் திட்டுவார்கள்.

அந்தக் காலமும் எங்கள் மூவருக்கும் ஏற்ற காலமாகத்தான் இருந்தது. ராஜாவின் திருவிதாங்கூர் போய்விட்டது. நாங்கள் மலையாளத்தோடு இருக்கப்போகிறோமா, தமிழோடு சேரப்போகிறோமா என்று யாருக்கும் தெரியவில்லை. டீக்கடையில் பேப்பரைச் சத்தமாக வாசிக்கிறவன் போலீஸ் ஆளோ என்று ஒருவர் பார்ப்பார். வாசிக்காமல் சும்மா இருக்கிறவன் எதை மறைக்கிறான் என்று இன்னொருவர் பார்ப்பார். என் மனைவிக்கு விளவங்கோட்டுப் பக்கம். பேச்சில் மலையாளம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், "நீங்க எந்தப் பக்கம்?" என்று அவளிடம் கேட்பார்கள். "கெணத்துக்கு இந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தக்கலைப் பக்கம் ஒரு பாலம் உடைந்தது. டீசல் வரத்து நின்றது. எங்கள் பக்கம் அப்போது அதற்குக் குரூடாயில் என்றுதான் பெயர். கிடங்கில் ஒரு டின்னுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் மிச்சம் இருந்தது. அதே மழையில், கடற்கரைப் பக்கம் முதலாளிக்கு இருந்த தென்னந்தோப்பில் காயப்போட்ட கொப்பரை முழுதும் நனைந்து பூசணம் பூத்துவிட்டது. வடசேரி வியாபாரி வாங்கமாட்டேன் என்று திருப்பிவிட்டார். முதலாளி அதைச் செக்கில் கொடுத்து ஆட்டி எண்ணெயாக்கி, ஒரு பெரிய தகரப் பீப்பாயில் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். நிறம் கருப்பு. வாடையும் கொஞ்சம் உண்டு. தலைக்குத் தேய்க்கலாமா, சோப்புக்காரனுக்குக் கொடுக்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பட்டாளத்தில், குரூடாயில் வராத நாட்களில் கடலை எண்ணெயை ஊற்றி டீசல் லாரி ஓட்டியதைப் பார்த்தவன் நான். சொல்லிவிட்டேன்.

"முதலாளி, இந்த வண்டி தேங்காயெண்ணெயிலயும் ஓடும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓடும்னா, உமக்கு அதில என்ன?"

எனக்கு ஒன்றுமில்லை என்றேன். தனக்கு ஒன்றுமில்லாமல் ஒருவன் ஒரு யோசனை சொல்வான் என்பதை அவர் அன்றைக்கும் நம்பவில்லை, பிறகும் நம்பவில்லை. ஆனால் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார். மிச்சமிருந்த குரூடாயிலை ஒரு சின்ன டின்னில் ஊற்றி இஞ்சின் பக்கத்தில் கட்டினேன். காலையில் அதில் ஸ்டார்ட் செய்வது, இஞ்சின் சூடானதும் குழாயைத் திருப்பித் தேங்காயெண்ணெய்க்கு மாற்றுவது, நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி குரூடாயிலுக்கு வருவது. வேறு வித்தை ஒன்றும் இல்லை. முதல் நாள் வண்டி மேலே ஏறி இறங்கிவிட்டது. புகையில் அப்பளம் பொரிக்கிற வாடை அடித்தது. லயத்துப் பெண்கள், முதலாளி வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரித்தார்கள்.

வண்டி ஓடிவிட்டது என்றதும் முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. குரூடாயிலைத் திருடினால் விற்க ஆள் தேடவேண்டும். தேங்காயெண்ணெயைத் திருடுகிறவன் நேராக அடுப்பில் ஊற்றலாம். அன்று சாயங்காலமே பீப்பாயைப் பங்களாவின் உள்ளறைக்கு உருட்டச் சொன்னார். அந்த அறையில்தான் அரிசி, புளி, கருப்பட்டி எல்லாம் இருக்கும்; சமையலுக்கு எடுக்கும்போது மட்டும் அவரே திறந்துவிடுவார். முதலாளியம்மாவிடம், "இதப் பத்திரமா வச்சுக்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவுக்குப் புதிதாக இன்னொரு பூட்டும் போட்டார்.

எண்ணெயை நான் மல்துணி கட்டி வடித்துத்தான் டாங்கியில் ஊற்றுவேன். செக்கெண்ணெயில் கசடு இருக்கும், இஞ்சினுக்கு ஆகாது. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற முதலாளி மூன்றாம் நாள் கேட்டார்.

"அந்தத் துணி எவ்வளவு எண்ணெ குடிக்கும்?"

"கொஞ்சம் குடிக்கும் முதலாளி."

"குடிச்சத எங்க கொண்டு பிழிவீரு? உமக்க வீட்டுச் சட்டியிலயா?"

 வடிகட்டாமல் ஊற்றினால் வண்டி நிற்கும் என்று மட்டும் சொன்னேன். நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மறுநாளிலிருந்து அவரே பீப்பாயிலிருந்து டின்னில் கோரி எடுத்து, பின்வாசல் வழியாக வந்து, துணி இல்லாமல் தன் கையால் டாங்கியில் ஊற்றினார். பீரங்கி வண்டியின் டாங்கிக்கு வாய் பெரிது. கையை முழுசாக உள்ளே விடலாம். நான் பத்தடி தள்ளி நிற்கவேண்டும் என்று உத்தரவு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கணக்கப்பிள்ளை எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

கார்த்திகை முழுதும் வண்டி ஓடியது. பீப்பாயில் எண்ணெய் அடிக்கு வந்தது. ஒருநாள் முதலாளி, ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று, இரண்டு ஆட்களை வைத்துப் பீப்பாயையே தூக்கிச் சாய்த்து, அடியில் கிடந்த கருங்கசடு வரைக்கும் டாங்கியில் கவிழ்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பத்தடிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வதில் என்ன பயன் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது.

மேலே ஏறும் வழியில் ஒரு இசக்கியம்மன் பீடம் உண்டு. அதைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். அந்த ஏற்றத்தில் வண்டி இருமி, குலுங்கி, நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்கிக் குழாயைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு பீடி குடிக்கிற நேரம் கழித்து முடுக்கினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிற்று. கொஞ்சதூரம் ஏறியதும் மறுபடி நின்றது. பிறகு மறுபடி ஓடியது. மேலே போய்ச் சேரும்போது அரிசிக்குக் காத்திருந்தவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்திருக்கும், வேறென்ன என்றார் கணக்கப்பிள்ளை. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் காலையில் எண்ணெய்க் குப்பியை வெயிலில் வைத்துத்தானே தலைக்குத் தேய்க்கிறோம். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. மறுநாள் வெயில் ஏறிய பிறகு, டாங்கியைத் தொட்டுப் பார்த்து, சூடு தெரிந்த பிறகே புறப்பட்டேன். அதே ஏற்றத்தில் நின்றது. பத்து நிமிஷம் ஓய்வெடுத்தது. பிறகு சமர்த்தாக ஏறியது. அப்போது என் சந்தேகம் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டது. இது தானாக வந்த கோளாறு இல்லை, கணக்கப்பிள்ளையின் கைவரிசைதான் என்று முடிவு கட்டினேன். டாங்கிக்கு ஒரு பூட்டு வேண்டும் என்று முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

முதலாளியிடம் கணக்கப்பிள்ளை எனக்கு முன்னால் போயிருந்தார். "சொல்லி வச்சமாதிரி ஒரே எடத்துல நிக்கி. நின்னா பத்து நிமிஷம். பெறவு தானா ஓடுது. அந்தப் பத்து நிமிஷம் என்ன நடக்குன்னு நமக்கெதுக்கு முதலாளி" என்று சொல்லியிருந்தார். நமக்கெதுக்கு என்பது அவருடைய வாய்ப்பாடு. அதைச் சொன்னார் என்றால் ஆளைத் தீர்த்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எண்ணெயை யாருக்கோ இறக்கிக் கொடுக்கிறேன் என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். மறுநாள் அவரே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இன்றைக்கு நிற்கும், இவர் கண்ணாலேயே பார்ப்பார், என் பேர் வெளுத்துவிடும் என்று நான் உற்சாகமாக ஓட்டினேன். இசக்கி பீடம் தாண்டியது. ஏற்றம் வந்தது. அந்தப் பாழாய்ப்போன வண்டி, புது மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குப் போகிற மாதிரி, ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறி மேலே போய் நின்றது. என் வாழ்க்கையில் ஒரு வண்டி ஓடியதற்காக நான் அழப்பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நான் இருந்தா நிக்காது, இல்லியா?" என்றார் முதலாளி.  திரும்பி வரும் வழியெல்லாம் சாவிக்கொத்தை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தார்.

அடுத்த தடவை கணக்கப்பிள்ளையை என்னோடு காவலுக்கு அனுப்பினார். ஏற்றத்தில் வண்டி நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இறங்கிக் குழாயைக் கழற்றினேன். டாங்கியின் பின்கோடியிலிருந்துதான் எண்ணெய் வெளியே வரும். அந்த வாயில் சொட்டுக்கூட வரவில்லை. மேலே மூடியைத் திறந்து பார்த்தால் முக்கால் டாங்கி எண்ணெய். சட்டையைக் கழற்றிவிட்டுக் கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினேன். பின்மூலையில் என்னமோ மெத்தென்று விரலில் பட்டது. வெளியே எடுத்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு துணி முடிச்சு. கையோடு எடுத்ததும் அந்தப் பக்கம் குழாயில் எண்ணெய் குபுகுபுவென்று கொட்டியது.

விஷயம் எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சமதரையில் இந்த முடிச்சு டாங்கிக்குள் சும்மா கிடக்கும். ஏற்றம் வந்தால் உருண்டு பின்னால் போய் வாயை அடைக்கும். இஞ்சின் நின்று இழுப்பு போனதும் தானே விலகிவிடும். முதலாளி வந்த அன்று எந்த மூலையிலோ ஒதுங்கிக் கிடந்திருக்கிறது. எப்படி அடைத்தது என்பது தெரிந்துவிட்டது. யார் போட்டது என்பதுதான் பாக்கி. நான் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். குட்டு வெளிப்பட்டவன் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆவலாக இருந்தேன்.

முகம் மாறத்தான் செய்தது. ஆனால் அது பயம். அவர் இரண்டடி பின்னால் போய் இசக்கி பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "தொடாதியும். கீழ போடும். முடிச்ச அவுக்காதியும்" என்றார். நான் அவிழ்த்தேன். உள்ளே கல்லுப்பும் மிளகும் இருந்தன. அவர் இன்னும் ஓரடி பின்வாங்கினார். "செய்வின" என்றார்.

அந்த முடிச்சை அவர் ஒரு குச்சியில் தொங்கவிட்டுப் பங்களா வரைக்கும் தூரப் பிடித்துக்கொண்டே வந்தார். அரிசி லாரியிலேயே கிடந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவரைப் பூட்டில்லாத வழியாக யாரோ தொட்டுவிட்டார்கள் என்றால் எப்படி இருக்கும். கணக்கப்பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். தோட்டத்தில் மேற்கே, மலையாளப் பக்கமிருந்து வந்த குடும்பம் ஒன்றுதான். அந்தப் பக்கம் மந்திரவாதி இல்லாத ஊர் உண்டா. டிரைவர் பெண்டாட்டி யாரோடும் ஒட்டமாட்டாள், கேட்டதற்குக் குறுக்கே பதில் சொல்வாள். நமக்கெதுக்கு.

"நாளைக்கு வெயில் ஏறதுக்குள்ள லயத்த ஒழிச்சிரும்" என்றார் முதலாளி. என் முகத்தைப் பார்க்காமல், என் காலைப் பார்த்துச் சொன்னார்.

 வேலை போனால் இன்னொரு வண்டி கிடைக்கும். ஆனால் செய்வினைக்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு ஒருத்தி இந்த மலையடிவாரத்தில் எந்த லயத்தில் போய்க் குடியிருக்க முடியும்? எந்தக் கிணற்றில் அவளைத் தண்ணீர் எடுக்க விடுவார்கள்? ஒரு தோட்டத்துப் பேச்சு அடுத்த தோட்டத்துக்கு லாரியைவிட வேகமாகப் போகும். இதையெல்லாம் வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். நான் போவதற்குள் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவள் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"அந்த முடிச்ச நான் பாக்கணும்" என்றாள்.

"எதுக்கு?"

"எனக்க பேருல உள்ள முடிச்ச நான் பாக்காண்டாமா?"

பங்களா முற்றத்தில் முதலாளி அதே நாற்காலியில் இருந்தார். முடிச்சு ஒரு வாழையிலைத் துண்டில் தரையில் கிடந்தது. யாரும் கிட்டே போகவில்லை. கணக்கப்பிள்ளை தூணோடு நின்றார். இவள் நேரே போய்க் குனிந்து அதைக் கையில் எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"இது என்னன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் முதலாளி.

"தெரியும்."

நான் அவளைத் தொட்டு நிறுத்தப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

"உப்பும் நல்லமொளகும் ஆக்கும். எண்ணெ காறிக் கெட்டுப்போவாம இருக்க உள்ள இடுகது. எனக்க வீட்டுலயும் எண்ணெப் பரணியில கெடக்கு. வேணும்னா வந்து பாருங்க."

கணக்கப்பிள்ளை தூணை விட்டு முன்னால் வந்தார். "கேட்டியளா முதலாளி. வீட்டுல இருக்காம். அவளே ஒத்துக்கிட்டா."

"ஆமா, ஒத்துக்கிட்டேன்" என்றாள் இவள். "இடுவேன். எனக்க அம்மையும் இடுவா. ஆனா அந்த உள்ளறைக்கு எனக்கு ஏது சாவி?"

முதலாளியின் கை தன்னையறியாமல் அரைஞாணுக்குப் போயிற்று. சாவி அங்கேதான் இருந்தது.  நானும் கணக்கப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாவி கணக்கப்பிள்ளைக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. இத்தனை நாளும் அவரை எண்ணி நான் பல்லைக் கடித்தது வீண் என்று அப்போது புரிந்தது. அதற்காக அவரைப் பிடித்துவிடவில்லை.

உள்ளே பாத்திரம் நகருகிற சத்தம் கேட்டது. முதலாளியம்மா ஆண்கள் பேசும்போது முற்றத்துக்கு வரமாட்டார். அன்று வந்தார். கையில் சமையலுக்கு எண்ணெய் வைக்கிற பெரிய பீங்கான் பரணி. அதைக் கணவர் முன்னால் திண்டில் வைத்தார். வளையலை மேலே ஏற்றிக்கொண்டு கையை உள்ளே விட்டார். எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு முடிச்சை எடுத்து, என் மனைவியின் கையில் இருந்த முடிச்சின் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் ஒரே வேட்டியில் கிழித்தது. இரண்டிலும் ஒரே நீலக்கரை. அது முதலாளியின் பழைய வேட்டி என்று முற்றத்தில் எல்லாருக்கும் தெரிந்தது.

முதலாளி இரண்டு முடிச்சையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டிக்கு ஊத்துத எண்ணெயில இத எதுக்குப் போட்ட?"

"பத்திரமா வச்சுக்கன்னு நீங்கதான் சொன்னிய. எண்ணெயப் பின்ன எப்படிப் பத்திரமா வைக்கது?"

"எம்புட்டு நாளா இந்தப் பழக்கம்?"

"கெட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து. நீங்க இதுவர தின்ன தோசையெல்லாம் இந்த எண்ணெயில சுட்டதுதான். உள்ளறைக்கு ரெண்டு பூட்டு போட்டிய. பரணிக்குள்ள என்ன கெடக்குன்னு ஒருநாளும் பாக்கலியே." கோபமாகச் சொல்லவில்லை. மாவு புளித்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். பிறகு முடிச்சைப் பரணிக்குள் போட்டு மூடி, உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. உட்கார்ந்து சிரிக்கவேண்டும் போலிருந்தது. கணக்கப்பிள்ளை, ஷீட் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு புகைப்புரைப் பக்கம் போய்விட்டார். முதலாளி தொண்டையைச் செருமினார்.

"சரி, ஆனது ஆச்சு. லயத்தில இருந்துக்கிடுங்க. நாளைக்கு அரிசிய மேல ஏத்திரும் டிரைவரே." நாங்கள் படி இறங்கியதும் பின்னாலிருந்து கூப்பிட்டார். "இனி அந்தத் துணியக் கெட்டி வடிச்சே ஊத்தும். பிழிஞ்ச துணிய மட்டும் இஞ்ச குடுத்துட்டுப் போவும்."

 வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். கணக்கப்பிள்ளையின் முகம் போன போக்கைச் சொன்னேன், நீலக்கரையைச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அவள் மூலையில் இருந்த தகரப் பெட்டியை இழுத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

"என்ன செய்யுத? அதான் இருக்கச் சொல்லிட்டாரே" என்றேன்.

"போகச் சொன்னப்ப போயிருந்தா, செய்வினக்காரி ஓடிட்டான்னு சொல்லுவாவ. அதுக்காக்கும் நின்னேன்." ஒரு சேலையை உதறி மடித்தாள். "இனி எதுக்கு நிக்கணும்? ஒருத்தராவது ஒரு வார்த்த சொன்னாவளா, தப்பாப் பேசிட்டோம்னு?"

யாரும் சொல்லவில்லைதான். வண்டி ஓடப்போகிற சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. இந்த வேலை போனால் அடுத்தது எங்கே என்று கேட்க நினைத்தேன். அவள் கழுத்து நரம்பு தெறிப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. எனக்கும் அப்போதுதான் கோபம் வந்தது, அரை நாள் தாமதமாக.

"நாளைக்கு அந்த அரிசிய மேல கொண்டு குடுத்துட்டு வாங்க" என்றாள். "அந்தச் சனம் என்ன செஞ்சுது, பாவம்."

மறுநாள் டாங்கியில் மிச்சமிருந்த எண்ணெயை இறக்கி, நானே துணி கட்டி வடித்துத் திரும்ப ஊற்றினேன். வண்டி இசக்கி பீடத்தைத் தாண்டி, ஏற்றத்தில் இருமாமல் ஏறியது. அவ்வளவு நன்றாக அது அதற்கு முன் ஓடியதில்லை. அதை விட்டுவிட்டுப் போகிறோமே என்று மனம் அடித்துக்கொண்டது. அரிசியை இறக்கிவிட்டு, ஷீட்டை ஏற்றிக்கொண்டு கீழே வந்து, பிழிந்த துணியையும் வண்டிச் சாவியையும் முதலாளியின் முன்னால் வைத்தேன். போகிறோம் என்றேன்.

அவர் சாவியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அப்ப, வேற எடம் முன்னமே பாத்து வச்சிருக்கீரு. எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. வெளியே என் மனைவி பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, எனக்காகக் காத்திருக்காமல் நடக்கத் தொடங்கியிருந்தாள்.